உங்கட கடிதத்தை நீங்களே எடுத்துப் பாருங்கோ!

(தோர்ண்டன் ஹீத்தில் எமது சங்கம் நடாத்திய கல்வி ஆலோசனைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக அவரே எழுத்தில் தந்துள்ளார்.)



"புதிதாக வந்தவர்கள் இந்த நாட்டில் மேற்படிப்புப் படிப்பது எப்படி, அதற்குக் காசுக்கு எங்கே போவது" என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். நான் வகுப்பறையில் நின்று பழகியவள். மணி அடிக்காவிட்டால் நிறுத்தத் தெரியாது. செயலாளர் தம்பி கையைக் காட்டினால் நிறுத்திவிடுகிறேன்.

முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அந்தப் பிழையால் என்னைவிட என் தம்பிதான் கூட இழந்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, ஊரில் கணிதம் படிப்பித்தவள். 1990 இல் லண்டனுக்கு வந்தேன். 1992 இல் ஹோம் ஒபிஸ் எனக்கு ஈ.எல்.ஆர். தந்தது. இளம் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. "நீ அகதி என்று நாங்கள் ஏற்கவில்லை, ஆனாலும் இப்போதைக்கு இருந்துகொள்" என்ற மாதிரி ஒரு விசேட அனுமதி. அந்தக் காலத்தில் எங்கட ஆக்களில் எத்தனையோ பேருக்குக் கிடைத்தது அதுதான். 2003 ஏப்ரலோடு அந்த முறை போய்விட்டது.

விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, 250ஆம் நம்பர் பஸ்ஸில் கிரொய்டனுக்குப் போய் ஒபிஸ் துப்பரவாக்கும் வேலை. மேசையைத் துடைக்கும்போது யாரோ எழுதி வைத்த கணக்கைப் பார்த்தால் கை நின்றுவிடும். 1998 இல் எப்படியோ துணிந்து, யூனிவேர்சிற்றிக்குப் போவதற்கு முதல் படிக்கிற அக்சஸ் கோர்ஸ் ஒன்றுக்கு ஒரு கொலிச்சில் விண்ணப்பித்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் பத்திரங்களைப் பிரட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு நிரந்தர விசா இல்லை, நீங்கள் ஓவர்சீஸ் மாணவி" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. சீட்டைக் கழித்து எடுத்து முதல் தவணை கட்டினேன். இரண்டாம் தவணைக்கு வழியில்லை. நத்தார் விடுமுறையோடு படிப்பும் நின்றது.

அந்த மாரி காலத்தில் ஒருநாள் என் தம்பி குசினிக்குள் வந்து கேட்டான். அவன் 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் இங்கே வந்து சேர்ந்தவன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு. "அக்கா, நான் எஞ்சினியரிங்குக்கு அப்ளை பண்ணட்டோ?" என்றான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னேன்: "எங்களுக்கு அதெல்லாம் இல்லையடா. ஓவர்சீஸ் பீஸ் கேட்பாங்கள். நான் பட்டது காணும்." அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலைக்குச் சேர்ந்தான்.

2001 இல் ஒரு ஆலோசனை நிலையத்தில் வேறு ஒரு அலுவலாக இருந்தபோது, அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா என் பழைய கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஈ.எல்.ஆர். உள்ளவருக்கு ஹோம் பீஸ் அல்லவா எடுத்திருக்க வேண்டும்?" என்றார். எனக்குத் தலை சுற்றியது. பிறகு அவர் தம்பியின் கடிதத்தையும் கொண்டுவரச் சொன்னார். அவனுக்கு 1997 இல் கிடைத்தது ஈ.எல்.ஆர். இல்லை, முழு அகதி அந்தஸ்து. ஒருநாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லாமல் உள்ளூர் மாணவர் போல அவனுக்கு எல்லாம் கிடைத்திருக்கும். 1998 இல் அரசாங்கம் முதன்முதலாகப் புகுத்திய 1,000 பவுண் கட்டணம்கூட, வருமானம் குறைந்தவர்களுக்கு இல்லை.

ஒரே வீடு, ஒரே குசினி. ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டு கடிதம், இரண்டு உரிமை. நான் என் பதிலை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அதுவும் பிழையான பதில்.

இதைப் போய் அவனிடம் சொன்னபோது அவனுக்குக் கலியாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. "பரவாயில்லை அக்கா" என்றான். அந்தப் "பரவாயில்லை" இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. நான் திரும்ப மாலை வகுப்பில் சேர்ந்து, பகுதி நேரமாகப் படித்து, 2008 இல் பட்டம் எடுத்து, ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை ஆனேன். அவன் இன்றைக்கும் இரவு வேலைதான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். கடையில், கலியாண வீட்டில், கோயில் வாசலில் கேட்டதை வைத்துப் படிப்பைத் தீர்மானிக்காதேங்கோ. உங்கட கடிதத்தை நீங்களே எடுத்துப் பாருங்கோ. முதல் கேள்வி "எவ்வளவு காசு?" இல்லை. "நான் எந்த வகுப்பில் அடங்குகிறேன்?" என்பதுதான் முதல் கேள்வி.

இனி அந்த வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கிலாந்துக்குரிய விதிகளையே சொல்கிறேன். ஸ்கொட்லாந்து, வேல்ஸில் இருக்கும் உறவினர்களுக்கு இதை அப்படியே சொல்லிவிடாதேங்கோ. அதுவும் குசினிப் பதில் ஆகிவிடும்!

ஒன்று, அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள். மற்றவர்களுக்கு உள்ள "மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனை உங்களுக்கு இல்லை. அந்தஸ்துக் கிடைத்த நாளில் இருந்து இங்கேயே வாழ்ந்து வந்தால், கோர்ஸ் தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளில் அந்தஸ்துக் கையில் இருந்தால், ஹோம் பீஸும் ஸ்ரூடன்ற் பினான்ஸும் கேட்கலாம். நீங்கள் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த நாளிலேயே உங்கள் கணவனாகவோ மனைவியாகவோ, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையாகவோ இருந்தவர்களுக்கும் இந்த வழி உண்டு. ஊரில் இருந்து பிறகு வந்து சேர்ந்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு, ஸ்பொன்சரில் வந்த மருமக்கள். கலியாண விசாவில் இருக்கும்வரை பொதுவாக ஓவர்சீஸ் பீஸ்தான், மாணவர் கடனும் இல்லை. நிரந்தர வதிவுரிமை கிடைத்து, அதற்குமுன் மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருந்தால் கதவு திறக்கும். அந்த இடைவெளியைச் சும்மா விடாமல் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளுங்கோ. கதவு திறக்கும் நாளில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

மூன்று, பிரிட்டிஷ் பாஸ்போட் உள்ள பிள்ளைகள். பாஸ்போட் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். பிள்ளையை இந்தியாவிலோ ஊரிலோ விட்டுப் படிப்பித்துவிட்டு, யூனிவேர்சிற்றிக்கு மட்டும் கூட்டி வந்தால் மூன்று வருட விதியில் அகப்படும். ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்திலிருந்து வந்து ஐரோப்பியருக்கான குடியமர்வுத் திட்டத்தில் பதிந்த குடும்பங்களிலும் தற்காலிகப் பதிவுக்கு ஒரு உரிமை, நிரந்தரப் பதிவுக்கு வேறொரு உரிமை. எது உங்களுடையது என்று பாருங்கோ.

நான்கு, சிறு வயதில் வந்து, இரண்டரை வருடம் இரண்டரை வருடமாக விசா நீடித்துக்கொண்டு இருக்கும் பிள்ளைகள். இவர்களுக்காக ஒரு பிள்ளை நீதிமன்றம் வரைக்கும் போனாள். பியூரிஷ் ரிகேரே என்ற பெண், சாம்பியாவில் பிறந்து, 2001 இல் ஆறு வயதில் இங்கே வந்தவள். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி. 2013 இல் யூனிவேர்சிற்றி இடமும் கிடைத்தது. ஆனால் நிரந்தர வதிவுரிமை இல்லை என்பதால் மாணவர் கடன் இல்லை என்றார்கள். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒருமித்து, அந்த விதி அவள் விடயத்தில் நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. அதன் பயனாக 2016 இல் புதிய விதி வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர் ஏழு வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 18 வயதோ அதற்கு மேலோ என்றால் தன் வயதில் பாதியை, அல்லது இருபது வருடத்தை, இங்கே கழித்திருக்க வேண்டும். இரண்டு பகுதியினருக்கும் கடைசி மூன்று வருடம் சட்டபூர்வமான விசாவோடு இருந்திருக்க வேண்டும். விசா முடிய முன்னர் புதுப்பிக்காமல் விட்டால் இந்த மூன்று வருடக் கணக்குக் குழம்பும். அம்மாமார், திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கோ.

ஐந்து, இன்னும் முடிவு வராமல் காத்திருப்பவர்கள். உங்களுக்கு அரச மாணவர் கடன் இல்லை. யூனிவேர்சிற்றி பொதுவாக ஓவர்சீஸ் பீஸ் கேட்கும். அது வருடத்துக்கு 15,000, 20,000 பவுண், அதற்கு மேலும் போகும். ஆனால் பல யூனிவேர்சிற்றிகள் "சாங்சுவரி ஸ்கொலர்ஷிப்" என்று அகதிகளுக்கும் தஞ்சம் கேட்டோருக்கும் இடம் ஒதுக்குகின்றன. 2005 இல் ஷெஃபீல்டில் தொடங்கிய "சிற்றி ஒஃப் சாங்சுவரி" இயக்கத்தின் வழியாக வளர்ந்தது இது. சிலது பீஸை முழுதாக விடும், சிலது செலவுக்கும் கொடுக்கும். இடங்கள் கொஞ்சம், போட்டி கூட. ஆனாலும் விண்ணப்பிக்காதவருக்குக் கிடைக்காது. ஹோம் ஒபிஸ் தந்த பெயில் கடிதத்தில் "படிக்கக் கூடாது" என்று எழுதியிருந்தால், பயந்து சுருட்டி வைக்காமல் உடனே சொலிசிற்றரிடம் காட்டுங்கோ. 2018 இல் தஞ்சம் கேட்ட பலருக்கு அப்படிப் போட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த வருடமே வழிகாட்டலைத் திருத்தினார்கள்.

இப்போது காசுக் கதைக்கு வருவோம். எங்கட ஆக்கள் பின்வாங்கும் இடம் இதுதான். இலங்கையில் 1945 இல் இருந்து இலவசக் கல்வி. கடன்பட்டுப் படிப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். கடன் என்றால் நகை அடகு, வட்டிக்காரர், சீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பது என்றுதான் மனதில் வரும்.

இங்கே உள்ள மாணவர் கடன் அப்படி வேலை செய்வதில்லை. கணக்கைச் சொல்கிறேன். முழுநேரப் பட்டப்படிப்புக்கு ஒரு யூனிவேர்சிற்றி கேட்கக்கூடிய ஆகக்கூடிய ஹோம் பீஸ் 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண், 2026-27 இல் 9,790 பவுண். தகுதி உள்ளவருக்கு அந்தத் தொகை உங்கள் கையில் வராமல் நேரே யூனிவேர்சிற்றிக்குப் போகும். அதைவிடச் செலவுக்கு வேறு கடன். வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு 2025-26 இல் ஆகக்கூடியது 8,877 பவுண், பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்துக் குறையும்.

திருப்பிக் கட்டுவது எப்படி? 2023 ஓகஸ்ற்றுக்குப் பிறகு முதற் பட்டப்படிப்புத் தொடங்கியவர், வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால், மேலதிகமாக உள்ள தொகையில் நூற்றுக்கு 9 வீதம். 30,000 பவுண் சம்பளம் என்றால் மேலதிகம் 5,000. அதில் 9 வீதம் 450 பவுண். மாதத்துக்கு 37 பவுண் 50 பென்ஸ். வேலை போனால் கட்டுவதும் நிற்கும். நாற்பது வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. சீட்டுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்தால் எங்களில் எத்தனை பேர் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்போம்!

வட்டி இல்லை என்று நான் சொல்லவில்லை. வட்டி உண்டு, நாற்பது வருடம் நீண்ட காலம்தான். பிள்ளை எந்தப் படிப்புப் படிக்கிறான், அதற்கு வேலை உண்டா என்று யோசித்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் யோசிக்காமல் "கடன் வேண்டாம்" என்று பிள்ளையை மறிப்பதும், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்ன பதிலும் ஒன்றுதான்.

இனி வளர்ந்தோர் கல்வி. இந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கும் அம்மாமார் "இது பிள்ளையளின்ர விசயம்" என்று கதைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். உங்களுக்கும்தான் சொல்கிறேன். ரியூஷன் பீஸ் கடனுக்கு வயது எல்லை இல்லை. செலவுக்கான சாதாரண கடனுக்கு, கோர்ஸ் தொடங்கும்போது 60 வயதுக்குக் குறைவாக இருந்தால் போதும்.

வதிவுத் தகுதி உள்ள 19 வயதுக்கு மேற்பட்டவர், ஜீ.சீ.எஸ்.ஈ. ஆங்கிலமும் கணிதமும் நாலாம் தரத்தில் சித்தியடையாதிருந்தால் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். லண்டனில் வளர்ந்தோர் கல்விக்கான அரச பணம் 2019 ஓகஸ்ற்றில் மேயரின் கைக்கு வந்தது. லண்டன் வாழ்க்கைச் சம்பளத்திலும் குறைவாக உழைப்பவர்களுக்குப் பல வகுப்புகளை முழு இலவசமாக்கியதும் அப்போதுதான். "வேலை செய்கிறேன், எனக்கு இலவசம் வராது" என்று நீங்களே முடிவு செய்யாதேங்கோ. எங்கட பகுதியில் கிரொய்டன் கவுன்சில் நடத்தும் வளர்ந்தோர் வகுப்புகள் இருக்கின்றன, கிரொய்டன் கொலிச் இருக்கிறது. சம்பளத் துண்டைக் கொண்டுபோய்க் கேளுங்கோ.

அக்சஸ் கோர்ஸுக்கு 19 வயதுக்கு மேல் ஒரு தனிக் கடன் உண்டு. அதில் ஒரு நல்ல ஏற்பாடு: அக்சஸ் முடித்து, பிறகு யூனிவேர்சிற்றிப் படிப்பையும் முடித்தால், அந்த அக்சஸ் கடனின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்வார்கள். இதைத் தெரியாமல் எத்தனை பேர் அக்சஸ் பக்கமே போகாமல் இருக்கிறோம்! வேலையை விட முடியாதவர்களுக்கு, 1969 இல் உருவான ஓப்பின் யூனிவேர்சிற்றி இருக்கிறது. பெரும்பாலான பாடங்களுக்கு ஏ லெவல் கேட்பதில்லை, வீட்டில் இருந்து படிக்கலாம். மாலையில் படிக்க பேர்க்பெக் இருக்கிறது. 2012 இல் இருந்து பகுதி நேர மாணவருக்கும் பீஸ் கடன் உண்டு.

ஊரில் பட்டம் எடுத்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ எடுத்த பட்டம் இங்கே மதிக்கப்படாத மாதிரி இருக்கும். ஆனால் கடன் கேட்கும்போது மட்டும் "உங்களிடம் ஏற்கனவே பட்டம் இருக்கிறதே" என்பார்கள்! இரண்டாவது முதற் பட்டத்துக்குப் பொதுவாகக் கடன் இல்லை. தாதியர் படிப்பு, ஆசிரியர் பயிற்சி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. முதுமாணிக்கு 2016 இல் இருந்து தனிக் கடன் இருக்கிறது. ஆகவே பட்டம் உள்ளவர் கீழே இறங்கித் தொடங்காமல், அந்தப் பட்டத்தை வைத்து மேலே ஏறும் வழியைப் பாருங்கோ. உங்கள் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று யூ.கே. எனிக் என்ற நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும். எடுக்க முதல், அந்தக் கொலிச் உண்மையில் அதைக் கேட்கிறதா என்று விசாரியுங்கோ. வைத்தியர், எஞ்சினியர் போன்ற தொழிலுக்குத் திரும்ப விரும்பும் அகதிகளுக்கு, பரீட்சைக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ரெஃபுஎயிட் என்ற அமைப்பும் இருக்கிறது.

சேட்டிபிக்கற் தொலைந்தவர்கள் மனம் விடாதேங்கோ. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பத்தரமுல்லையில் உள்ள பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தித் தரும். ஆனால் தஞ்சக் கேஸ் இன்னும் முடியாதவர்கள், இலங்கை அரச அலுவலகம் எதனோடும் தொடர்புகொள்ள முன்னர் உங்கள் சொலிசிற்றரிடம் கேளுங்கோ. அவசரப்பட்டுக் கேஸைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, எப்படிக் கேட்பது என்று சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் வாயால் கேட்டு, வாயால் பதில் வாங்கி வராதேங்கோ. ஹோம் ஒபிஸ் கடிதத்தின் பிரதியையும், இப்போது அட்டைக்குப் பதிலாக வந்திருக்கும் இ-விசா விபரத்தையும் வைத்து, "என்னை எந்த விதியின்படி ஓவர்சீஸ் என்கிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கோ. எழுத்தில் பதில் எழுத வேண்டும் என்றால் அவர்களும் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். யூக்கிஸா என்ற அமைப்பு பீஸ் விதிகளை விளக்கி வெளியிடுகிறது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கோ. சேர்ந்த பிறகு தகராறு என்றால், யூனிவேர்சிற்றியின் முறைப்பாட்டுப் படிகளை முடித்துக்கொண்டு, சுயாதீன தீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் போகலாம். நான் கேட்டிருக்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. கட்டிய காசும் திரும்பி வரவில்லை.

ஸ்ரூடன்ற் பினான்ஸுக்குக் கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம்வரை விண்ணப்பிக்கலாம். பிந்திவிட்டது என்று விட்டுவிடாதேங்கோ. படிக்கும் காலத்தில் உங்கள் அந்தஸ்து மாறினால் அன்றைக்கே அறிவியுங்கோ. விதிகள் வருடா வருடம் மாறுகின்றன. நான் இன்று சொன்னதையும் அடுத்த வருடம் திரும்பச் சரிபார்த்துத்தான் பாவிக்க வேண்டும்.

இந்தக் கதையைச் சபையில் சொல்லலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "சொல்லுங்கோ அக்கா. ஆனால் என்னைப் பாவம் என்று சொல்லிப்போடாதேங்கோ" என்றான். சரி, சொல்லவில்லை. உழைத்து வீடு வாங்கினான், பிள்ளைகளைப் படிப்பித்தான். இன்று அவன் வரவில்லை, பத்து மணிக்கு வேலை. ஓப்பின் யூனிவேர்சிற்றிப் புத்தகம் ஒன்றைப் போன மாதம் அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திறந்தானோ தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இந்த முறை பதிலை அவனே சொல்லட்டும்.

நீங்கள் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து, அந்தக் கடிதங்களை எடுத்து, ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாக வாசியுங்கோ. விளங்காவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கோ. நாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துத் தருவோம்.

உங்கள் எல்லோருக்கும் என் இதயம் நிறைந்த சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.